மூன்றாம் ஓலையில் எழுந்து நின்றவள்

இது உண்மையாக நடந்த கதை. அந்தோணியார் மேல் சத்தியமாக ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. சரி, பெட்ரீசியா ஈப்போவில் வாயைத் திறந்தால் பீடோர் வரைக்கும் கேட்கும் என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கிறது. அது கொஞ்சம் அதிகம். வழியில் கம்பாரோடு நின்றுவிடும். இந்த மாதிரி அங்கங்கே மாவைக் கொஞ்சம் இழுத்திருக்கும். பக்கத்துக் கடை ஜுபைர் ரொட்டிச் சானாய்க்கு இழுக்கவில்லையா? மாவு என்னவோ அசல் மாவுதான்.

ஈப்போவின் புந்தோங்கில் அந்த ஜுபைர் கடையை ஒட்டினாற்போல ஒரு டோபிக் கடை. ஆள் துவைக்கிற கடை இல்லை, காசு போட்டால் மிஷின் துவைத்துத் தருகிற கடை. கடையின் சீன முதலாளி, எல்லாருக்கும் தவுக்கே, மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அது பெட்ரீசியாவின் ராஜ்ஜியம். தரையைத் துடைப்பது, காசை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கிற மிஷினை முழங்காலால் ஓர் இடி இடிப்பது, செருப்பை உள்ளே போட்டுத் துவைக்கிறவர்களைத் திட்டுவது. சம்பளம் இதற்குத்தான். ஆனால் மெங்லெம்புவிலிருந்துகூடப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது இதற்காக இல்லை. கதைக்காக.

துணி துவைந்து முடிகிற வரைக்கும் ஓர் அத்தியாயம், காய்ந்து முடிகிற வரைக்கும் இன்னோர் அத்தியாயம். எல்லாம் காதல் கதை. ட்ரையர் நிற்கிற நேரம் பார்த்துக் கதாநாயகி யாரோ தட்டிய கதவைத் திறந்துகொண்டிருப்பாள். வெளியே நிற்பது யார் என்று தெரிய வேண்டுமானால் அடுத்த அழுக்குத் துணியோடு வர வேண்டும். அவ்வளவு அழுக்குக்கு எங்கே போவது? சிலர் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தார்கள். நல்லம்மாள் என்று ஒரு வாடிக்கைக்காரி, அவளுடைய சிவப்புக் கைலி ஒரே கதையில் ரோஸ் ஆகி, அடுத்த கதையில் வெள்ளையாகிவிட்டது. கைலி போனால் போகிறது, கதை கேட்டாயிற்று என்றாளாம்.

இந்தப் பழக்கம் பெட்ரீசியாவுக்கு மஞ்சப்பாலத் தோட்டத்தில் ஒட்டிக்கொண்டது. பீடோருக்கு உள்ளே தள்ளி இருந்த கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர். இப்போது போனால் செம்பனை மட்டும்தான் நிற்கும். அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு மணி அடிக்கும், வேலைக்காரர்கள் வரிசையாக நின்று பேர் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு ஆளுக்கொரு நிரை மரங்களைத் தேடிப் போவார்கள். மங்குகளில் பால் சொட்டும் சத்தம் கேட்கும் என்பாள் பெட்ரீசியா. யார் காதில் கேட்டதோ, அவள் காதில் கேட்டது.

சாயங்காலமானால் ரொட்டிக்காரர் நாகூர் மீரான் மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் தகரப் பெட்டி. மேல்தட்டில் ரொட்டியும் தேங்காய் பன்னும், கீழ்த்தட்டில் காதல் நாவல்கள். பன் விலைக்கு, நாவல் வாடகைக்கு. தோட்டம் தோட்டமாகப் போய், எண்ணெய்க் கையும் பால் கையும் பட்டு வருகிற புத்தகங்கள். எதற்கும் கடைசிப் பக்கங்கள் இருந்ததில்லை. எந்த லயத்து வீட்டில் எந்த அடுப்பு அதை வாங்கிக்கொண்டதோ. தோட்டத்துப் பெண்கள் நிறைய பேருக்குப் படிக்கத் தெரியாது. பெட்ரீசியா ஆறாம் வகுப்பு வரைக்கும் போனவள், அதுவும் மழை பெய்யாத நாட்களில். அது போதும் என்று அவளை ஆயாக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள். பகலில் பிள்ளைகள் தூங்குகிற தூளிகளைத் தூக்கிக் கட்டிவிட்டு, சாயங்காலம் தாய்மார்கள் கால் நீட்டி உட்கார, அவள் வாசிப்பாள்.

கடைசிப் பக்கம் இல்லாத இடம் வந்ததும் பெட்ரீசியா நிறுத்த மாட்டாள். புத்தகத்தைப் பார்த்தபடியே சொந்தமாக ஓட்டுவாள். அதில் ஒரு குறை. அவளால் எந்தக் கதாநாயகியையும் கெட்டவளாக விட்டுவிட முடியாது. எழுதினவர் அவளைத் திமிர் பிடித்தவளாக எழுதியிருப்பார். இரண்டாம் அத்தியாயத்தில் அவள் கதாநாயகனைப் பளார் என்று அறைந்திருப்பாள். பெட்ரீசியா கடைசியில் அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடிப்பாள். அவன் கன்னத்தில் குளவி உட்கார்ந்திருந்தது, அதைத்தான் அடித்தாள். கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம் நல்ல பிள்ளை என்பார்கள்.

ஒருத்தி மட்டும் சிரிப்பாள். ஜோசலின். பெட்ரீசியாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், பக்கத்து வீட்டுக்காரி. பல்லைக் காட்டிச் சிரிக்க மாட்டாள், மூக்கால் சிரிப்பாள். எல்லாரும் எழுந்து போன பிறகு, "குளவியாம்லா. அவனைப் பிடிக்கல, அடிச்சா. அவ்வளவுதானே" என்பாள். பெட்ரீசியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் மறுநாள் ஜோசலின் வந்து உட்காருகிற வரைக்கும் வாசிக்க ஆரம்பிக்க மாட்டாள்.

ஆம்புரோஸ் என்று ஒருவன் இருந்தான். தோட்டத்திலேயே சுத்தமான வெட்டு அவனுடையது. மரத்துக்கு வலிக்காமல் பால் எடுப்பான் என்று பேர். அழகன் வேறு. அவன் கோயிலில் பாட ஆரம்பித்தால் கூரையில் இருக்கிற புறாக்கூட முட்டியிடும். அம்மா இல்லாத பிள்ளை. அடுத்த லயத்துக் கருப்பம்மாள்தான் சோறு போட்டு வளர்த்தாள். அவள் மாரியம்மன் கோயில் ஆள், இவன் அந்தோணியார் கோயில் ஆள். பசிக்கிற வயிற்றுக்கு ரெண்டு கோயிலும் ஒன்றுதான். ஆம்புரோஸுக்கு ஜோசலினைப் பேசி முடித்தார்கள். பெட்ரீசியாவுக்குத் தன் நாவல் ஒன்று எழுந்து நடந்து வருவது போல இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று முறை எல்லார் முன்னாலும் படிப்பார்கள். டவுன் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். தோட்டத்துக்குப் பாதிரியார் சாமி மாதம் ஒருமுறைதான் வருவார், நானேதான் வாசிப்பேன் என்பார். ஆக ஓலை வாசித்து முடிவதற்குள் மூன்று மாதம் ஓடியது. அதற்குள் கருப்பம்மாள் வாங்கி விட்ட இரண்டு கிடாய்களும் கொழுத்து, கன்றுக்குட்டி மாதிரி ஆகியிருந்தன.

மூன்றாம் ஓலை. சாமி வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். சும்மா சொல்கிற பேச்சுதான், யாரும் எதுவும் சொன்னது கிடையாது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றப் போன நேரம் பெண்கள் பக்கத்தில் ஜோசலின் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பெட்ரீசியா பாவாடையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பாவாடை நாடா அறுந்தது, ஆள் உட்காரவில்லை. ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத் தெரியும் சாமி. பொண்ணுக்கு இஷ்டமில்ல."

அன்றைக்கு மஞ்சப்பாலத் தோட்டத்தில் மழை நின்றது, காக்கா பறக்கவில்லை, ஓடுகிற ஆறு நின்று என்ன என்று கேட்டது. கிடாய்கள் இரண்டுக்கும் மட்டும்தான் நல்ல நாள். யார் கேட்டும் ஜோசலின் காரணம் சொல்லவில்லை. அடித்துக் கேட்டார்கள், அழுது கேட்டார்கள். ஒரு வாரத்தில் பஸ்ஸை ஓடிப் பிடித்துப் பினாங்கு ஃபேக்டரிக்குப் போய்விட்டாள். திமிர் பிடித்தவள் என்று தோட்டம் பேர் வைத்தது. சில வருடம் கழித்து அவள் அம்மா இறந்தபோது செய்தி உடனே போய்ச் சேரவில்லை. அவள் வந்து நின்றது எட்டாம் நாள். ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பியவள்தான், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஆம்புரோஸ் செத்துப்போகவில்லை, தாடி வளர்க்கவும் இல்லை. அடுத்த வருடமே ஆள்களை மேய்க்கிற மண்டோர் ஆனான், பாகான் செராய்ப் பெண்ணைக் கட்டினான். இப்போது தெலுக் இந்தானில் பேரன் பேத்திகளோடும், இரண்டு நாற்காலி கேட்கிற உடம்போடும் இருக்கிறான். பெட்ரீசியாவுக்கும் ஒருவர் கிடைத்தார். பால் ஏற்ற வந்த லாரிக்காரர் கிளென், ஒரு நாள் கொட்டகைக்கு வெளியே நின்று பாதிக் கதை கேட்டார். மீதி கேட்க மறுநாளும் வந்தார், அப்புறம் கட்டிக்கொண்டே போய்விட்டார். அவர் கண்ணை மூடிச் சில வருடம் ஆகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில். தோட்டம் கைமாறி, கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயங்களை இடித்தார்கள். ஆள்கள் ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் சிதறினார்கள். மிச்சம் நிற்பது அந்தோணியார் கோயிலும், பின்னால் இருக்கிற புதைகாடும் மட்டும்தான். வருடத்தில் ஒரு நாள், திருவிழாவுக்கு, கம்பெனி கேட்டைத் திறந்துவிடும். பழைய ஆள்கள் வேன் பிடித்துப் போவார்கள். எந்தக் கோயில் ஆளாக இருந்தாலும் போவார்கள். புந்தோங்கிலிருந்து வேன் ஏற்பாடு செய்வது கருப்பம்மாள். எண்பதைத் தொடுகிற வயது. வேன்காரன் அவள் விரலைப் பார்த்துத்தான் வளைவு திருப்புவான்.

போன வருடம் ஒரு காலையில் கடைக்கு ஒரு பெண் கம்பளி துவைக்க வந்தாள். நரைத்த தலை, ஒல்லி உடம்பு. பெட்ரீசியா அப்போது ஒரு கதாநாயகியை மன்னித்துக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்ட, அந்தப் பெண் மூக்கால் சிரித்தாள். பெட்ரீசியா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

ஜோசலின் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பக்கத்து அடுக்குமாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று பெட்ரீசியா கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே ஒரு அற்புதம், அதை ரோமுக்கு எழுதிப் போடலாம். கொஞ்ச நாள் கழித்து ஜோசலினே ஒன்று கேட்டாள். அம்மா குழியைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துச் சிலுவைகள் எல்லாம் மரம், கரையான் தின்று முடித்தாயிற்று. மண்மேடுகளில் எது யாருடையது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் மிச்சம். புதைத்த அன்றைக்குக் கூடவே நின்று, இன்றைக்கும் வருடா வருடம் அங்கே ஒரு கை பூ போட்டு வருகிறவள். கருப்பம்மாள்.

பெட்ரீசியா போய்க் கேட்டாள். கருப்பம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவ ஏறினா நான் எறங்கிடுவேன்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது.

நேராகக் கேட்டால் திறக்காத கதவு கதைக்குத் திறக்கும் என்பது பெட்ரீசியாவின் வாழ்நாள் நம்பிக்கை. மறுநாள் கடையில் புதிய கதை ஆரம்பமானது. கருப்பம்மாள் மருமகளின் துணியோடு வருகிற நாளாகப் பார்த்து ஆரம்பித்தாள். கதாநாயகி பேர் ரோஸ்லின். கித்தாத் தோட்டத்தைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமாக மாற்றினாள், கிடாய்களை வாத்தாக்கினாள். இவ்வளவு மாற்றிய பிறகு யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் ஓலையில் பெண்ணே எழுந்து நின்ற கதை மலேசியாவில் ஒன்றுதான் என்பது அவள் மூளைக்கு எட்டவில்லை. கருப்பம்மாள் சுவரில் மாட்டிய தொலைக்காட்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சி கெட்டுப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அடுத்த நாள் தலையணை உறைகளோடு வந்தாள். அதற்கு அடுத்த நாள் திரைச்சீலை. அப்புறம் மடிப்புக் கலையாத புடவை.

கதையைக் கெடுத்தது ஷாஹிஸ்தா. ஜுபைரின் மனைவி. கடை மேசை விரிப்புகளையும் ஏப்ரன்களையும் துவைக்க வருவாள். ரொட்டிக்காரர் நாகூர் மீரானின் பேரன் பெண்டாட்டி என்பதால் காதல் நாவல் அவளுக்கு வீட்டுச் சொத்து. இப்போது கைப்பேசியில் ராப்பகலாகப் படிக்கிறாள், நாளுக்கு ஒரு நாவல் முடிக்கிறாள். ரோஸ்லின் எழுந்து நின்ற அத்தியாயம் முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். ஏன் எழுந்தாள்?

பெட்ரீசியா கையிருப்பைத் திறந்தாள். ரோஸ்லினுக்கு நெஞ்சில் ஓட்டை, சீக்கிரம் சாகப் போகிறவள், அவன் வாழட்டும் என்று விலகினாள். ஷாஹிஸ்தா உதட்டைப் பிதுக்கினாள். நெஞ்சில் ஓட்டை இருக்கிறவள் ஓடி பஸ் பிடித்தாளே, அது எப்படி என்றாள். மறுநாள் பெட்ரீசியா ஒரு கொடுமைக்காரச் சித்தியை உள்ளே இறக்கினாள். முதல் அத்தியாயத்தில் சொந்த அம்மா தலை வாரிவிட்டது ஷாஹிஸ்தாவுக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு அடுத்த நாள் பெட்ரீசியா ஜாதகம் சேரவில்லை என்றாள். ஓலை வாசிக்கிற கோயிலில் ஜாதகம் யார் பார்த்தது என்று நல்லம்மாளே கேட்டுவிட்டாள். சிவப்புக் கைலிக்காரி வரைக்கும் கேள்வி வந்துவிட்டதே என்று பெட்ரீசியாவுக்கு வியர்த்தது.

"அவ கெட்டவளா இருந்தா எனக்குப் பரவாலக்கா," என்றாள் ஷாஹிஸ்தா. "நான் படிக்கிறதுல பாதி பேரு கெட்டவளுங்கதான். ஆனா ஏன் செஞ்சான்னு நான் நம்பணும்லா. நீங்க நல்லவன்னு சொல்லச் சொல்ல எனக்கு அவ மேல சந்தேகமா வருது."

அப்போதுதான் கெட்டுப்போன தொலைக்காட்சியிலிருந்து கருப்பம்மாள் முகத்தைத் திருப்பினாள். அந்தக் கதையில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அதையேதான் நானும் கேட்கிறேன் என்றாள். எதுக்கு எழுந்தா, சொல்லு.

பெட்ரீசியாவுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. இந்தக் கிழவிக்குக் கோபம் மட்டும் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். தான் ஊட்டி வளர்த்தவனிடம் என்ன குறை கண்டாள் என்று தெரியாமல் அல்லாடியிருக்கிறாள். அந்த முகத்துக்கு ஒரு நல்ல பதில் தர வேண்டும் போல இருந்தது. வாயில் ஒன்று தானாக வந்து விழுந்தது.

தோட்டத்துத் தொரை கதாநாயகனை மண்டோர் ஆக்கப் பார்க்கிறார். ஆனால் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி குறுக்கே நிற்கிறார். ரோஸ்லினின் அப்பா ஒரு காலத்தில் கிராணியைக் கை நீட்டி அடித்தவர், அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டினால் அவன் கடைசி வரைக்கும் செடிதான் வெட்டுவான் என்கிறார். ஆபீசுக்குத் தண்ணீர் கொண்டுபோன ரோஸ்லின் இதைக் கேட்டுவிடுகிறாள். அவனிடம் சொன்னால் பதவி வேண்டாம் என்பான். ஆகவே மூன்றாம் ஓலையில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறாள். அவள் போகிறாள், அடுத்த வருடம் அவன் மண்டோர் ஆகிறான்.

ஷாஹிஸ்தாவே மூக்கை உறிஞ்சினாள். இது கொஞ்சம் பொருந்துது என்றாள். கருப்பம்மாள் சூடாக ட்ரையரிலிருந்து வந்த தலையணை உறையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆம்புரோஸ் அடுத்த வருடம் மண்டோர் ஆனது அவளுக்குத் தெரியும். கிராணியை ஜோசலின் அப்பா அடித்தது தெரியாது. நடக்காத விஷயம் யாருக்குத் தெரியும்? அழுது முடித்து அவள் கேட்டாள், அந்தப் பிள்ளை இந்தப் பக்கத்து மாடியில்தானே இருக்கிறாள், கூப்பிடு இப்பவே.

பெட்ரீசியா இந்த வேகத்தை எதிர்பார்க்கவில்லை. முதலில் ஜோசலினைத் தனியாகப் பிடித்து, நீ இந்தக் காரணத்துக்காகத்தான் எழுந்தாய் என்று அவளுக்கே சொல்லிக்கொடுத்து வைக்கலாம் என்றிருந்தாள். அதற்குள் நல்லம்மாள் வெள்ளைக் கைலியோடு படி ஏறிப் போய்க் கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

ஜோசலின் வாசலில் நின்றாள். கருப்பம்மாள் எழுந்துபோய் அவள் இரண்டு கையையும் பிடித்தாள்.

"ஏண்டி, இத்தன வருசம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கியே. அவன் மண்டோர் ஆவணும்னுதானே அன்னிக்கு எழுந்து நின்ன? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன்ன நான் தோள்ல தூக்கிட்டுப் போயிருப்பேனே."

கருப்பம்மாள் முதுகுக்குப் பின்னால் பெட்ரீசியா கண்ணால் கெஞ்சினாள், புருவத்தால் கெஞ்சினாள், துடைப்பத்தால்கூடக் கெஞ்சினாள். தலையை ஆட்டு. ஒரே ஓர் ஆட்டு. அம்மா குழி அந்த ஆட்டில் இருக்கிறது. ஜோசலின் பெட்ரீசியாவைப் பார்த்தாள். சுற்றி உட்கார்ந்திருக்கிற ஈர முகங்களைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பெட்ரீசியா தனக்கும் ஒரு குளவியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. கருப்பம்மாளின் கையை விடவும் இல்லை.

"இல்லக்கா," என்றாள். "அப்படியெல்லாம் ஒன்னும் இல்ல. எனக்கு அவர் மேல கொறையும் இல்ல."

பெட்ரீசியா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜோசலின் மெதுவாகத்தான் சொன்னாள். மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் ஆம்புரோஸ் அவளைக் கூட்டிப்போய், தங்களுக்குக் கிடைக்கப்போகிற லயத்து வீட்டைக் காட்டினான். பச்சைச் சாயம் அவனே அடித்திருந்தான். அடுப்புக்குப் பக்கத்தில் தகரம் வைத்து மறைத்திருந்தான், மழை ஒழுகுகிற இடத்தை அடைத்திருந்தான். எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியாகக் கதவுக்குப் பின்னால் காட்டினான். சுவரில் இரண்டு ஆணி அடித்திருந்தான். ஒன்றில் அவனுடைய பால் வெட்டுகிற கத்தி தொங்கியது. மற்றது காலி. இது ஒனக்கு என்றான், முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த ஆணியப் பாத்தேங்கா. எங்கம்மா கத்தி கண்ணுக்கு வந்துச்சு. காலைல எடுக்கறது, மத்தியானம் மாட்டறது, காலைல எடுக்கறது. எனக்குன்னு அடிச்சு வச்ச ஆணி அங்க நிக்குது. அவரு ஆசையாதான் அடிச்சாரு. எனக்கு மூச்சு முட்டிருச்சு. ராத்திரி பூரா அந்த ஆணிதான். காலைல சாமி கேட்டாரு, எழுந்துட்டேன். ஒரு ஆணிக்காகன்னு யார்கிட்ட சொல்ல முடியும்? அதான் சொல்லல."

கருப்பம்மாள் கையை உதறினாள். முகம் செங்கல் மாதிரி ஆனது.

"அந்த ஆணிய அடிக்கச் சொன்னது நான்," என்றாள்.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பெட்ரீசியாவின் எந்தக் கதையிலும் இப்படி ஓர் ஆணி வந்ததில்லை. கருப்பம்மாள் அவிழ்த்துவிட்டாள். அவள் புருசன் இருந்த காலமெல்லாம் வீட்டில் ஓர் ஆணிதான், அது அவனுக்கு. அவள் கத்தி விறகோடு விறகாகக் கிடக்கும். இருட்டில் தேடும்போது எத்தனை தடவை கையை வெட்டியிருக்கிறது என்று இப்போதும் தழும்பு காட்டுவாள். அதனால்தான் தன் வயிற்றில் பிறக்காத பிள்ளையிடம் சொன்னாள், வருகிற பெண்ணுக்குத் தனியாக ஓர் ஆணி அடி, அவளுக்கு அது கௌரவம் என்று. அவன் கல்யாணத்துக்கு அவள் கொடுத்த புத்திமதியே அது ஒன்றுதான். அதைப் பார்த்தா மூச்சு முட்டினது?

"முட்டுச்சுக்கா," என்றாள் ஜோசலின். "நீங்க சொன்னதுன்னு தெரிஞ்சிருந்தாலும் முட்டியிருக்கும்."

ஷாஹிஸ்தா மேசை விரிப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். இதை நம்புகிறேன் என்றாள். இத்தனை நாளில் சொன்ன காரணத்திலேயே இது ஒன்றுதான் நம்பும்படி இருக்கிறது என்றாள். கருப்பம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். கைப்பேசியைத் தடவுகிறவளுக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்? நல்லம்மாள் நடுவில் புகுந்தாள். பச்சைச் சாயம் அடித்துக் கொடுத்த ஆம்பளையை விட்டுவிட்டுப் போனவளுக்குக் கொழுப்புதான் என்றாள். இன்னொருத்தி, பச்சைதான் பிரச்சினை, நீலம் அடித்திருந்தால் இருந்திருப்பாள் என்றாள். அடித்த ஆணியைப் பிடுங்கச் சொல்லியிருக்கலாமே என்றாள் வேறொருத்தி. ஆணியா பிரச்சினை, அதற்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கை என்று ஷாஹிஸ்தா கத்தினாள். பெட்ரீசியாவுக்கு வாய் சும்மா இருக்குமா. ஒருவேளை அந்த ஆணியில் துரு இருந்திருக்கும், ரோஸ்லினுக்குத் துரு ஆகாது என்று ஆரம்பித்தாள். வாய மூடுங்க என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கருப்பம்மாள் விரலை நீட்டினாள். வேன்காரன் பார்த்து வளைவு திருப்புகிற விரல்.

"நீ வேன்ல என் பக்கத்துல உக்காருற. பீடோர் போய்ச் சேர்ற வரைக்கும் நீ எனக்குப் பதில் சொல்லணும். ஒங்கம்மா குழிகிட்ட கூட்டிட்டுப் போய் நிக்க வைக்கிறேன், அங்கயும் சொல்லணும். ஒரு நல்ல புள்ளைய ஒரு ஆணிக்காக வுட்டுட்டுப் போனேன்னு."

ஜோசலின் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"சொல்றேங்கா. எத்தன தடவ கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்."

"இதேதான் சொல்லுவாளாம். பாத்தீங்களா திமிர."

"திமிரு இல்ல பாட்டி, உண்மை," என்றாள் ஷாஹிஸ்தா.

சத்தம் கேட்டு ஜுபைர் மாவுக் கையோடு கதவில் எட்டிப் பார்த்தான். ஏப்ரன் காய்ந்துவிட்டதா என்று கேட்கத்தான் வந்தான். நல்லம்மாள் அவனைப் பிடித்து முழுக் கதையையும் ஒரே மூச்சில் ஊற்றினாள். அவன் தாடையைச் சொறிந்துகொண்டு, சமாதானம் பண்ணுகிற நல்லெண்ணத்தில், "இதுக்கு ஏன்க்கா இவ்ளோ சூசா, இவ்ளோ கஷ்டம். ஒரே ஆணியில ரெண்டு கத்தியும் மாட்டியிருக்கலாமே" என்றான்.

ஜோசலினும் கருப்பம்மாளும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள், ஷாஹிஸ்தா ஈரமான மேசை விரிப்பைக் கையில் எடுத்தாள், முதல் கேள்வியைக் கருப்பம்மாள் போட்டாள்.

"அப்ப யார் கத்தி மேல, யார் கத்தி அடியில?"